ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகே பெயிண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவரில் ஓதம் கண்டால் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, நீர்புகாப் பூச்சை இரண்டு கோட் அடித்தால் போதும் என்ற பொருளில் தங்கள் நாளிதழில் வந்திருந்த குறிப்பைப் படித்தேன். கட்டடப் பராமரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில், அந்த யோசனை பல வீடுகளில் வீண்செலவாகவே முடியும் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நிலத்து ஈரம் அஸ்திவாரத்திலிருந்து செங்கல், கலவை ஆகியவற்றின் நுண்துளைகள் வழியே மேலேறினால், பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் கறை நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் பூச்சு மாவாக உதிரும். இத்தகைய சுவரின் உட்புறத்தை நீர்புகாதபடி அடைத்துவிட்டால், ஆவியாக வழியற்ற ஈரம் இன்னும் மேலே ஏறுவதோடு, பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகும் உப்பு அந்தப் புதுப் பூச்சையே பிதுக்கித் தள்ளிவிடும். முதலில் பார்க்க வேண்டியது சுவரின் வெளிப்புறத்தை. நிலத்து ஈரம் மேலேறாதபடி சுவரின் அடிப்பகுதியில் குறுக்காக வைக்கப்படும் ஈரத்தடுப்புப் படலம் வெளித்தரைக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது பொது விதி. பூச்செடிக்காகக் கொட்டிய மண்ணோ, பின்னாளில் உயர்த்திப் போட்ட நடைபாதையோ அந்தப் படலத்தை மூடிவிட்டிருந்தால், அப்படி மூடியதை அகற்றுவதே பாதி வைத்தியம்.

மழைக்குப் பின் அடர்ந்து, வெயில் அடித்தால் மங்கும் கறை வேறு வகை. கைப்பிடிச் சுவரின் விரிசல், மழைநீர்க் குழாயின் விட்டுப்போன இணைப்பு, சன்னல் சட்டத்தைச் சுற்றிய இடைவெளி ஆகியவற்றை வெளியிலிருந்தே அடைக்க வேண்டும். மழையோடு தொடர்பின்றி எப்போதும் ஈரமாக இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்கலாம். எல்லாக் குழாய்களையும் இரவு மூடிவைத்து, தண்ணீர் மீட்டர் காலையில் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பலரும் தவறவிடுவது, அறைக் காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிவதைத்தான். பீரோவின் பின்புறத்திலும் மேல் மூலைகளிலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடிப்பது இதன் அடையாளம். ஒரு சதுர அடி அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அறையை நோக்கிய பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவரின் ஈரம். முன்னதற்குத் தேவை எக்ஸாஸ்ட் ஃபேனும், பீரோவுக்குப் பின்னே சிறிது இடைவெளியும், துணியை அறைக்குள் உலர்த்தாமல் இருப்பதும்தான். ஈரமானியைச் சுவரில் குத்தி உடனே தீர்ப்புச் சொல்பவர்களிடம் சற்று எச்சரிக்கை தேவை. உப்பேறிய பூச்சிலும் அக்கருவி அதிக ஈரம் காட்டும்.

மூலத்தை அடைத்த மறுநாளே பெயிண்டரை அழைப்பதும் பயனற்றது. 25 மில்லிமீட்டர் கனம் உலர ஒரு மாதம் என்பது தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. எனவே ஒன்பது அங்குலச் சுவருக்குப் பல மாதங்கள் ஆகும். உப்பேறிய பழைய பூச்சு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் என்பதால், கறைக்கு மேல் ஓர் அடி வரை அதைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் மூச்சுவிடும்படி சுண்ணாம்புக் கலவை பூசுவது நல்லது, குறிப்பாகப் பழைய கட்டடங்களில்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், வீட்டு ஈரத்தையும் பூஞ்சையையும் ஆஸ்துமா உள்ளிட்ட சுவாசக் கோளாறுகளோடு தொடர்புபடுத்துகின்றன. ஆகவே இது சுவரின் அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, எவ்வகை ஓதத்துக்கு அந்தப் பரிகாரம் பொருந்தும் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர்