சனிக்கிழமைச் சலவை

அன்புள்ள கே.,

தலைப்பில் 'ச்' போட்டிருக்கிறேன். நீ முதலில் அதைத்தான் பார்த்திருப்பாய்.

அடுத்த வாரம் அப்பாவுக்கு வருஷத் திதி. போன வருஷம் அவர் போன ராத்திரி நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைப் பையன் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டினான்: 'எங்களை மீளா துயரில் ஆழ்த்திவிட்டு'. 'மீளாத் துயரில்' என்று மாற்றச் சொன்னேன். "இதையெல்லாம் யாரு சார் பாக்கப் போறா" என்றான். எழுந்து நின்று சண்டையே போட்டுவிட்டேன். வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருந்த என் மச்சான் யாரிடமோ போனில், "மாமா அங்க ஐஸ் பெட்டியில கிடக்காரு, இவன் இங்க புள்ளி வெச்சிட்டு நிக்கிறான்" என்று சொன்னது காதில் விழுந்தது.

அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. 2011 பிப்ரவரியில், அமெரிக்காவில் நாம் ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருந்தபோது, உன்னை நான் அப்படித்தான் பார்த்தேன்.

'தி பிக் பேங் தியரி' என்ற அமெரிக்கக் காமெடித் தொடரில் வருகிற விஞ்ஞானி ஷெல்டனின் பெயரை உனக்கு வைத்தது நான்தான். மற்ற மூன்று பேர் மேலும் பழி போடலாம். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் போடவில்லை. யோசித்தால் பொருந்தவே பொருந்தாத பெயர். அவன் பதினோரு வயதில் கல்லூரிக்குப் போனவன். நீ பிஎச்.டி. குவாலிஃபையர் பரீட்சையையே இரண்டாம் தடவைதான் தாண்டினாய். அவனுக்கு ஸ்டார் ட்ரெக், உனக்கு டி.எம்.எஸ். ஆனால் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டேன், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இடி விழுந்தாலும் லாண்டரி. இந்த மூன்று போதாதா எங்களுக்கு?

வியாழக்கிழமை இரவுகளில் எங்களோடு உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்ப்பாயே தவிர, ஒரு நாளும் நீ சிரித்ததில்லை. "அவன் ஜோக்கே சொல்லலையே, எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்று கேட்டாய். அதற்கும் சிரித்தோம். பின்னணியில் கேட்பது டப்பாவில் அடைத்த சிரிப்பில்லை, கலிபோர்னியாவில் பர்பேங்கில் ஸ்டுடியோவுக்குள் நிஜ ஆட்களை உட்காரவைத்து எடுக்கிறார்கள் என்று நான் பெரிய மேதாவியாக விளக்கினேன். "அப்ப இன்னும் மோசம்" என்றாய்.

ஒரே ஒரு எபிசோடில் மட்டும் நீ வாயைத் திறந்தாய். 2008 டிசம்பர் எபிசோட் அது, நாம் பிறகு லேப்டாப்பில் பார்த்தோம். எதிர்வீட்டுப் பென்னி கிறிஸ்துமஸ் பரிசு தரப்போகிறாள் என்றதும் ஷெல்டன் பதறிப்போய், விலைவாரியாகப் பல அளவுகளில் பரிசுக் கூடைகளை வாங்கிக் குவிப்பான். அவள் தருவதன் மதிப்பைப் பார்த்து அதற்குச் சரியான கூடையைக் கொடுத்துவிட்டு மீதியைக் கடையில் திருப்பிவிடுவதாகத் திட்டம். நாங்கள் உருண்டு புரண்டு சிரித்தோம். "இதுல என்ன சிரிப்பு? எங்க ஊர்ல இதுக்கு மொய் நோட்டுன்னு பேரு" என்றாய் நீ. ஸ்டார் ட்ரெக் நடிகர் லெனார்டு நிமாய் கையெழுத்துப் போட்ட நாப்கின் துணி, அதுவும் அவர் வாய் துடைத்தது, பரிசாக வந்ததும் எல்லாக் கூடைகளையும் அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைப்பான். அப்படியும் பற்றாது என்று தோன்றும். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவளைக் கட்டிப்பிடிப்பான். ஷெல்டனாக நடித்த ஜிம் பார்சன்ஸுக்கு அந்த வேடத்துக்காக நான்கு எம்மி கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டு கைக்கே கொடுக்கலாம். அப்போது உன் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

சரி, அந்தச் சனிக்கிழமை.

போன் வந்தது ஏழு மணிக்கு. ஊரில் ஞாயிறு விடியற்காலை ஐந்தரை. நீ ஹாலுக்கு வந்து "அப்பா தவறிட்டார்" என்றாய், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வாயே, அதே குரலில். டிக்கெட் பார்த்தோம். ஞாயிறு மதியம் ஃப்ளைட் கிடைத்தது. நீ போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று உனக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஹாலில் ஐந்து பேர் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். சரியாக எட்டு மணிக்கு நீ உள்ளே போய் அழுக்குக் கூடையோடு வந்தாய். இன்னொரு கையில் குவார்ட்டர் நாணயங்கள், எண்ணி வைத்தது.

நான் சொன்னேன்: "டேய், ஷெல்டன்கூட இன்னிக்கு லீவு போட்டிருப்பான்டா."

இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யார் அந்த இரண்டு பேர் என்று இங்கே எழுதமாட்டேன்.

நீ கதவருகே நின்று, "நாளைக்குப் போட்டுக்கச் சட்டை இல்ல" என்றாய். படியிறங்கிப் போனாய். அடித்தளத்தில் வாஷர் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவனும் எழுந்து கீழே போகவில்லை. ஒன்றே கால் மணி நேரம். நானும் போகவில்லை.

எனக்கு இருபத்து நாலு வயது, சாவு வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாது, இறுக்கத்தைக் குறைக்கத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய். நீ அழுதுவிடுவாயோ என்று பயந்தேன். அழுதால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். ஷெல்டன் ஆக்கிவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. மறுநாள் ஏர்போர்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் பனியில் ஓட்டினேன். வழியெல்லாம் ஹைவே பலகைகளில் எக்ஸிட் நம்பர் மட்டும் படித்துக்கொண்டு வந்தாய். ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கலாம் அல்லவா? நான் திரும்பி வந்து பார்த்தால் என் கட்டில் மேல் என் துணிகளும் துவைத்து மடித்துக் கிடந்தன. அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் கொஞ்சம் வருகிறது. மொய் எழுதிவிட்டுப் போய்விட்டாய்.

நீ திரும்பி வந்த பிறகு வியாழக்கிழமைகளில் உன் அறைக் கதவு சாத்தியே இருந்தது. அதனால் பின்னால் வந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. ஷெல்டன் பென்னி வீட்டுக் கதவை மூன்று தரம் தட்டி மூன்று தரம் பெயர் சொல்வானே, அதற்குக் காரணத்தை 2016-ல் சொன்னார்கள். பதிமூன்று வயதில் கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவன், அப்பாவை வேறொரு பெண்ணோடு பார்த்துவிடுகிறான். முதல் தட்டு வழக்கத்துக்கு. அடுத்த இரண்டும் உள்ளே இருப்பவர்கள் துணியைச் சரிசெய்துகொள்ள. ஒன்பது வருஷமாக நாங்கள் சிரித்தது இதற்குத்தானா என்றிருந்தது. (2007-ல் எழுத ஆரம்பித்தவர்களுக்கே இது தெரிந்திருக்காது, பிறகு ஒட்டவைத்ததுதான் என்பது என் சந்தேகம்.) அதோடு விடவில்லை. 2024-ல், அவன் சிறுவயதுக் கதையான 'யங் ஷெல்டன்' தொடரில் அந்தப் பெண்ணைக் காட்டினார்கள். பொன்னிற விக் வைத்துக்கொண்டு, ஜெர்மன்காரி மாதிரி பேசிக்கொண்டிருந்த அவன் அம்மாவேதான்! புருஷன் பொண்டாட்டி விளையாட்டு. பையன் தப்பாகப் பார்த்தான், யாரிடமும் கேட்கவில்லை, வாழ்நாள் முழுக்கக் கதவு தட்டினான்.

அந்த ராத்திரி நான் பார்த்ததும் அந்த லட்சணம்தான். நானும் கேட்கவில்லை.

'யங் ஷெல்டன்' முடிவில் அவன் அப்பா மாரடைப்பில் போய்விடுகிறார். பையனுக்குப் பதினாலு வயது. அன்று காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவன் சரியாக விடைகூட கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஒரு காலையையே மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டுகிறான், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பேசிப் பார்க்கிறான். பக்கத்திலிருப்பவர்களுக்கு அவன் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். 'பிக் பேங் தியரி'யின் கடைசி எபிசோடில், ஸ்டாக்ஹோமில் நோபல் மேடையில், நண்பர்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொல்லி, என் வழியில் உங்களை நேசிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வான். ஊரே அழுததாம். எனக்கு அது பிடிக்கவில்லை. வாஷர் பக்கத்தில் நின்றுகொண்டு நீ எந்தக் காலையை ஓட்டிக்கொண்டிருந்தாய் என்றுதான் கேட்கத் தோன்றியது.

ஷெல்டனுக்கு என்ன என்று எழுதியவர்கள் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. எங்கம்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டாங்க, எனக்குப் பைத்தியமில்லை என்று அவனே அடிக்கடி சொல்வான், அவ்வளவுதான். உனக்கு ஒருவர் வைத்த பெயரை 2014-ல் என்னிடம் மட்டும் சொன்னாய். அது இங்கே வராது.

அப்பா போஸ்டரை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். எழுபதுக்கு மேல் பதில்கள்: ஆர்ஐபி, கும்பிடும் கை, ஆழ்ந்த இரங்கல். உன்னிடமிருந்து ஒரே வரி: "'மீளாத்' சரியாக வந்திருக்கிறது."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

ஆனாலும் ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஒரு வருஷம் ஆகிறது.

நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கீழே இறங்கி வராததற்கு அதைவிட அதிகமாக.

திதி வருகிற ஞாயிறு. வருவதானால் ரயிலில்தான் வருவாய், தெரியும். ஸ்டேஷனுக்கு நான் காரோடு வருகிறேன். வீடு நாற்பது நிமிஷம். இந்த ரோட்டில் எக்ஸிட் நம்பர் கிடையாது, மைல்கல்தான் இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டு வா.