பன்றிக்கு வைத்த தோட்டா பாறு கழுகுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டைத் தோட்டாவில் ஈயத்தைத் தடை செய்வது பற்றி வெளிநாடுகளில் நடக்கும் விவாதத்தைக் குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துவிட்டது, நமக்கு இதில் வேலை இல்லை என்கிற தொனி அதில் இருந்தது. நீலகிரியில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கோத்தகிரிப் பக்கம் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் போடுகிறவன் நான். பன்றிக்கூட்டம் ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாகப் புரட்டிவிட்டுப் போவதைப் பார்க்கிறவனுக்கு, அதைச் சுடவே கூடாது என்று வாதாட மனசு வராது. காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறை சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு முடிவெடுத்தது. (எங்கள் மாவட்டத்தில் ஒரு காட்டை விட்டு 3 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அடுத்த காடு வந்துவிடும், அது வேறு கதை.) கூடலூரைத் தாண்டினால் கேரளம். அங்கே 2022 முதல் ஊராட்சித் தலைவரே உத்தரவு போட, உரிமம் வைத்திருப்பவர்கள் சுடுகிறார்கள். ஆக, சட்டப்படியே தோட்டா வெடிக்கிறது. சட்டத்துக்கு வெளியே நாட்டுத் துப்பாக்கியும் இருக்கவே இருக்கிறது. அதில் அடிபட்ட பன்றி பல சமயம் கையில் சிக்காமல் ஓடி, எங்கோ புதருக்குள் செத்துக் கிடக்கும்.

அதைத் தின்ன வருவது யார்? மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் சீகூரிலும் நீர்மருத மரங்களில் கூடு கட்டுகிற வெண்முதுகுப் பாறு வரும், செந்தலைப் பாறுவும் வரும் (பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு). இரை தேடி ஒரே நாளில் மாநில எல்லையைத் தாண்டிப் போய்வரும் பறவைகள் இவை. வெண்முதுகுப் பாறு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும்.

ஈயம் மிருதுவான உலோகம். ரைபிள் தோட்டா எலும்பில் பட்டதும் நூற்றுக்கணக்கான துகள்களாகச் சிதறி, காயத்தை விட்டு ஒரு சாண் தூரம் வரைகூட சதைக்குள் பரவிவிடும். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். அழுகிய மாமிசத்தையே செரிக்கிற பாறுவின் இரைப்பை அமிலம் இந்தத் துகளையும் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் 1982-ல் வெறும் 22-தான் மிச்சம் இருந்தன. கூண்டில் வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்ட பிறகும் அவற்றைக் கொல்வதில் முதலிடம் ஈயத்துக்குத்தான். அந்த மாநிலம் 2019 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே தடை செய்திருக்கிறது. அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 1,210 வெண்தலை, பொன்னிறக் கழுகுகளைச் சோதித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிக்கு நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது.

நம் பாறுகளை இன்று கொல்வது ஈயம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டுக்குப் போடும் வலிமருந்தும், புலி அடித்த மாட்டில் தடவும் விஷமும்தான் முதல் எதிரிகள். ஆனால் அந்த வலிமருந்து விஷயத்தில் என்ன நடந்தது? பாறுகள் சாவதற்கு டைக்ளோஃபெனாக் என்ற அந்த மருந்துதான் காரணம் என்று 2004-ல் தெரிந்தது, 2006-ல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. அதற்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சும் நிலை வந்துவிட்டது. இப்போதும் ஈயத்தால் எத்தனை செத்தன என்ற கணக்கு வந்து சேரட்டும் என்று காத்திருக்கப் போகிறோமா?

ஈயத்துக்குப் பதிலான செம்புத் தோட்டா விலை அதிகம், பழைய 12 போர் துப்பாக்கிக் குழலுக்கு எஃகு ரவை (சின்னச் சின்னக் குண்டுகள்) ஆகாது என்பார்கள். இரண்டும் உண்மைதான். பெரிய வேட்டைக்கூட்டம் இருக்கும் நாட்டில் அது பெரிய செலவு. இங்கே சட்டப்படி சுடப்போவது வனத்துறை, அதுவும் எண்ணிக்கையில் கொஞ்சம். டென்மார்க் 1996-லேயே ஈய ரவையைத் தடுத்தது, 2024-ல் ஈய ரைபிள் தோட்டாவையும் தடுத்தது. அங்கே வேட்டை நின்றுபோகவில்லை. அரிசோனாவில் சட்டமே போடாமல், காண்டோர் பறக்கும் பகுதியின் வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத் தோட்டாவை 2005 முதல் இலவசமாகக் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. ஈயத்தால் சுட்ட பன்றியை ஆழக் குழிதோண்டிப் புதைக்கத்தான் வேண்டும். பாறுகளுக்கோ வலிமருந்து கலக்காத இரை கிடைப்பதே பெரும் பாடு. நோயில்லாத பன்றியைச் செம்புத் தோட்டாவால் சுட்டால், அதை ஊரை விட்டுத் தள்ளி, பாறுகள் இறங்கும் இடத்தில் போடுவதைப் பற்றி யோசிக்கலாமே. நாட்டுத் துப்பாக்கிக்காரனை இந்த விதி கட்டுப்படுத்தாது, சரி. அவனிடம் திருட்டுக்கறி வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்: ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. பெட்ரோலில் இருந்து 2000-ல் அதை எடுத்தோம், பெயிண்டிலும் கட்டுப்படுத்தினோம்.

பன்றி சுடும் விதிமுறைகளில் ‘ஈயமில்லாத் தோட்டா மட்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க இருக்கிறேன். செத்துக் கிடக்கும் பாறுவை உடற்கூறு ஆய்வு செய்யும்போது ஒரு எக்ஸ்ரேயும், கல்லீரலில் ஈயப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும் என்றும் அதில் கேட்கிறேன். இது பற்றி வனக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பேட்டி எடுத்து உங்கள் இதழில் போட்டால் மனுவோடு சேர்த்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மலைக்காய்கறி விவசாயி,
கோத்தகிரி