அப்பத்தா, சித்திரை வரைக்கும் கதவுக்கு விலை பேச வேண்டாம்

சிவமயம்

லண்டன்,
மார்கழி 4, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பத்தாவுக்கு, உங்கள் பேத்தி வணங்கி எழுதுவது. பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் புண்ணியத்தில் நான் நலம். நீங்களும் அப்பச்சி, அம்மா, தம்பி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஐப்பசியில் ஒரு கடிதம் போட்டதோடு சரி, அப்புறம் நான் எழுதவே இல்லை. போனில் பேசுவதெல்லாம் கடிதத்துக்கு ஈடாகாது என்று நீங்கள் கோபித்துக்கொண்டது நியாயம்தான். "சாப்பிட்டியா ஆச்சி" என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் அம்மா போனை வாங்கிவிடுகிறார்கள். உங்களிடம் சொல்ல வைத்திருந்தது எல்லாம் அப்படியே நின்றுபோகிறது.

"படிக்கப் போன பிள்ளை தெனமும் பழைய சாமான் பாக்கப் போகுதாமே, நம்ம வீட்ல இல்லாத சாமானா அங்க இருக்கு?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று பெயர். 1852-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மட்டும் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். படம் வரைய நான் பென்சில்தான் கொண்டு வருவேன், அதனால் கடிதமும் பென்சிலில் இருக்கிறது. கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் தம்பியை வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த ஊரில் பெரிய அருங்காட்சியகங்களுக்குள் போகக் காசு கிடையாது. மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடுகிறது. உள்ளே கதகதப்பாக இருக்கும், வெளிச்சமாக இருக்கும். நான் தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்தே வருகிறேன், ஒரு மணி நேரம்தான். நடந்தால்தான் ஊர் பழகும். அப்பச்சியிடம் பணம் அனுப்ப வேண்டாம் என்று மறுபடி சொல்லுங்கள். எனக்கு ஒரு தட்டுப்பாடும் இல்லை. சனி ஞாயிறு ஒரு ஓட்டலில் கூடமாட உதவி செய்கிறேன், பேச்சுப் பழகட்டும் என்று.

இங்கே சாப்பாட்டுக்கூடமே பார்க்க வேண்டிய ஒன்று. அருங்காட்சியகத்துக்குள் உணவகம் வைத்தது உலகிலேயே இங்கேதான் முதலில் என்கிறார்கள். மூன்று அறைகள். ஓர் அறையின் சுவர் முழுக்க நீல ஓடு. அந்த ஓடுகளில் சித்திரம் எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இங்கே வடிவமைப்புப் படித்த பெண் பிள்ளைகள். அதைத் தெரிந்துகொண்ட அன்று அந்தச் சுவரை விட்டு நகர மனம் வரவில்லை. அவர்கள் பிடித்த தூரிகையின் இழுப்பு ஒவ்வொரு ஓட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒருத்திக்குக் கை நடுங்கியிருக்கிறது. நான் அங்கே சாப்பிடுவதில்லை, அந்த ருசி நமக்கு ஒத்துவராது.

படிக்கட்டு ஒன்று, தரை, சுவர், கூரை எல்லாம் ஓடு. மின்டன் என்ற கம்பெனி செய்தது. அதன் முன்னால் எங்கள் ஆசிரியை வகுப்பு நடத்தினார். அந்தக் காலத்துத் தரைக் கற்களில் வேறு வேறு நிற மண்ணைப் பள்ளத்தில் ஊற்றிச் சூளையில் சுடுவார்களாம். சுடாமல் ஒரு கல்லுக்கு மினுமினுப்பு வருமா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். சின்னப்பச்சியோடு ஆத்தங்குடிக்குப் போய்ப் பார்த்ததை அப்படியே சொன்னேன். மேசையில் ஒரு கண்ணாடி. அதன் மேல் பூ அச்சு. சிறு கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, கை அசையாமல் அச்சை மேலே எடுத்துவிடுவார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு கலவை போட்டுச் சமன் செய்து, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு, கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். நெருப்பே கிடையாது. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. ஆசிரியை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். நம் பட்டாலையில் நான் தவழ்ந்த கல்லைப் பற்றி இவ்வளவு தூரம் வந்து சொல்லிக்கொடுத்தேன் அப்பத்தா. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் சோழர் காலத்து நடராசர் இருக்கிறார். அந்தக் காலத்து உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் தண்டு செருகித் தூக்கும் துளை இருக்கும் இல்லையா, இப்போது எந்தச் செப்புத் திருமேனியைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. ஓவியக் கூடங்களும் பார்த்தேன். எல்லாம் பெரியவர்கள் வரைந்தவைதான், ஆனால் படத்தை விட பொருள்தான் என்னை நிறுத்துகிறது. விக்டோரியா ஆல்பர்ட்காரர்கள் ஊரின் கிழக்கே 2025 வைகாசியில் தங்கள் பெரிய கிட்டங்கியையே திறந்திருக்கிறார்கள். அங்கே நாம் பார்க்க விரும்பும் பொருளை ஐந்து வரை முன்கூட்டியே கேட்டு வைத்தால், எடுத்து வந்து முன்னால் வைக்கிறார்கள். தென்னாட்டுச் சேலை ஒன்று கேட்டிருக்கிறேன். தைக்குள் முறை வரும். உங்கள் கண்டாங்கியைக் கட்டம் கட்டமாக எண்ணிய கை, அதையும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாங்கும். விரல் நுனி மட்டும் மரத்துப்போகும். கத்தரிக்காய் இங்கே தேங்காய் அளவு, உள்ளே பஞ்சு. கொத்சு வைத்தேன், கூடவில்லை. நீங்கள் கொடுத்த மிளகாய்த் தூள் மாசி வரை வரும்படி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எழுபது வயதுக்கு மேல். தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் வற்றும் நேரத்தைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். வற்றியதும் முழங்கால் வரை ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிப் பழசைப் பொறுக்குகிறார். அதற்கு லண்டன் துறைமுக நிர்வாகத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கிடைத்தது 300 வருடத்துக்கு மேல் பழசாகத் தெரிந்தால் அருங்காட்சியகத்துக்காரர்களிடம் காட்டியாக வேண்டும் என்பது அந்தச் சீட்டின் நிபந்தனை. புகையிலைக் குழாய்த் துண்டு, குண்டூசி, உடைந்த ஓடு என்று தட்டுத் தட்டாக அடுக்கி, எந்தப் பாலத்துக்குக் கீழே எடுத்தது என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார். ஒரு நாள் என்னையும் கூப்பிட்டார். போனேன். குண்டூசி ஒன்று கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பூரிப்பைப் பார்த்தபோதுதான் உங்கள் கடிதத்தின் கடைசியில் கதவைப் பற்றி இருந்த வரிகள் நெஞ்சில் குத்தின.

இப்போது மணி ஏழரை. நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விளக்கைக் கூட்டிவிட்டார்கள். இது அர்தபில் கம்பளம் இருக்கும் கூடம். பாரசீக நாட்டில், அவர்கள் கணக்குப்படி 946-ஆம் வருடம், நம் கணக்கில் 1539-40, நெய்து முடித்தது. ஏறக்குறைய 34 அடி நீளம், 17 அடி அகலம். பட்டுப் பாவு, கம்பளி முடிச்சு, பத்தே பத்து சாயம். வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறும் என்பதற்காக, அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் மட்டும் விளக்கைக் கூட்டுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் மங்கல். திரை விலகித் தீபாராதனை காட்டும்போது நிற்பதுபோலச் சுற்றிலும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். 1893-இல் இதை வாங்க 2,000 பவுண்டு கொடுத்தார்கள். வாங்கச் சொன்னது வில்லியம் மாரிஸ் என்ற வடிவமைப்பாளர், நாங்கள் பாடத்தில் படிக்கிறவர்.

இதற்கு ஜோடியாக இன்னொரு கம்பளம் இருந்தது அப்பத்தா. இரண்டும் ஒரே சமாதிக் கோயிலில் கிடந்தவை. நைந்துபோனதும் விற்றுவிட்டார்கள். ஒன்றை வெட்டி, அந்தத் துண்டுகளை வைத்து மற்றதை ஒட்டி முழுசாக்கினார்கள். முழுசானதுதான் என் முன்னால் கிடக்கிறது. வெட்டுப்பட்டது கரை இல்லாமல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கிறது.

இதன் ஒரு முனையில் நாலு வரி நெய்திருக்கிறார்கள். உன் வாசலை விட்டால் உலகில் எனக்குப் புகலிடம் இல்லை, இந்தக் கதவை விட்டால் என் தலை சாய்க்க வேறு இடமில்லை என்பது முதல் இரண்டு வரியின் பொருள். முதல் தடவை பலகையில் படித்தபோது அழுதுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வாராவாரம் வெள்ளிக்கிழமை இங்கேதான் வருகிறேன். எங்கே இருந்தாலும் சாயங்காலம் நீங்கள் முகப்பில் விளக்கேற்றும் நேரம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே அப்போது மத்தியானம். பிள்ளையார் நோன்பு வேறு வருகிறது. இருபத்தோரு இழையும் கருப்பட்டி மாவுமாக நீங்கள் வரிசையில் எங்களை உட்கார வைத்து எடுத்துக் கொடுப்பீர்கள். இந்த வருடம் என் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் சரி, இடத்தைக் காலியாக விட வேண்டாம்.

விளக்கைக் குறைத்துவிட்டார்கள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"முகப்புக் கதவுக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையிலேர்ந்து ஆள் வந்து அளந்துட்டுப் போனாக. பெரியப்பச்சி சரின்னுட்டாக" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். எட்டுப் புள்ளி, எட்டுக் குடும்பம் சேர்ந்த வீடு. ஏழு பேர் சரி என்றாலும் அப்பச்சி கையெழுத்து வேண்டும். அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு போட்டுவிடுவார்கள், எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னால் நிற்பார்கள். சித்திரை வரைக்கும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சித்திரையில் வருகிறேன்.

பெரியப்பச்சி மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டாம் கட்டில் ஓடு மாற்றாமல் மழைத் தண்ணீர் இறங்குகிறது, அதற்குத்தான் இந்தப் பணம் என்று புரிகிறது. ஆனால் கதவை எடுத்தால் நிலை போகும், நிலை போனால் திண்ணைத் தூண் போகும். அப்புறம் ஓடு மாற்றி எதைக் காப்பாற்றப் போகிறோம்? கானாடுகாத்தானில் ஆயா வீட்டுக்குப் பக்கத்து வீடு அப்படித்தான் போனது. அந்தத் தேக்குத் தூண்கள் எந்த ஊர் ஓட்டலில் நிற்கின்றனவோ. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்று அப்பச்சியிடம் சொல்லுங்கள். பெரியப்பச்சியிடம் பேச அது உதவும். ஓட்டு வேலைக்கு என் பங்காக ஒரு தொகை தை பிறந்ததும் அனுப்புகிறேன். எப்படி என்று கேட்க வேண்டாம், முடியும்.

தம்பிக்கு ஒரு வேலை. இந்த அருங்காட்சியகத்தில் ரோமாபுரித் தூண் ஒன்றைச் சுண்ணச் சாந்தில் அச்செடுத்து, கூரைக்குள் அடங்காததால் இரண்டாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடம் திறந்தது 1873-இல். அங்கே இருக்கும் அச்சுகளில் சிலவற்றின் அசல் இன்று இன்னும் தேய்ந்துவிட்டது, அச்சில்தான் செதுக்கல் தெளிவாக இருக்கிறது. அதனால் எது எப்படி ஆனாலும் கதவுக்குப் பதிவு வேண்டும். மெல்லிய தாளைக் கதவின் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் செதுக்கல் அப்படியே ஏறும். மேலே கஜலட்சுமி, பக்கத்தில் கொடி, கீழே யாளி, மூன்றும் தனித்தனித் தாளில். நிலையின் அகலம், உயரம், கனம் மூன்றையும் அங்குலத்தில் எழுதட்டும். முகப்புச் சுவரில் ரோஜாப்பூ ஓடு எத்தனை இருக்கிறது என்று எண்ணட்டும். பெயர்ந்து விழுந்த ஒன்றின் பின்னால் 'மேட் இன் ஜப்பான்' என்று இருந்ததே, அதை மேல் பெட்டகத்தில் பத்திரமாக வைக்கட்டும்.

தேவகோட்டை அயித்தை வீட்டில் அண்ணனுக்குப் பேசியது என்ன ஆயிற்று? கல்யாண வேவுச் சீருக்குச் சாமான் எடுக்கும்போது உங்கள் பழைய ஓலைக் கொட்டான்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அந்தப் பின்னல் இப்போது சிலருக்குத்தான் வரும். சிங்கப்பூர் சின்னாத்தா ஊருக்கு வந்தால் அவர்களிடமும் கதவு விஷயத்தைச் சொல்லுங்கள், அவர்கள் பேச்சைப் பெரியப்பச்சி தட்டமாட்டார்கள்.

உங்கள் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா? அம்மாவைக் கேட்டால் ஆமாம் என்கிறார்கள், நீங்களே எழுதச் சொல்லுங்கள்.

முகப்புச் சாவியைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஆள் வந்தால், பேத்தி கையில் சாவி இருக்கிறது, சித்திரையில் வருவாள் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன ஆச்சி