வீணைக்கு 20 நிமிடம் விடுங்கள்: சபா செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சென்னை சபா செயலாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி சீசனில் வீணைக் கச்சேரிகளுக்கு மைக் வைக்கப்படும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. போன சீசனில் என் வீணைக் கச்சேரியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முந்தைய கச்சேரி முடிந்து மேடை கைக்கு வந்தபோது, திரை தூக்கப் பத்து நிமிடம்கூட இல்லை. பாடகர் முன் இருந்த அதே மைக்கைத் தாழ்த்தி, வீணையின் நாதம் எழும் உருண்டையான குடத்தின் பக்கம் திருப்பிவிட்டு, "ஓகே மேடம்" என்று மைக்காரர் போய்விட்டார். தாளத் தந்திகளைச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் திரை தூக்கியாயிற்று.

தோடி ராக ஆலாபனை. ரிஷப ஸ்வரத்துக்கான மெட்டிலேயே (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டு) தந்தியை இழுத்து, அடுத்த ஸ்வரமான காந்தாரத்தை அசைக்கிறேன். மீட்டிய 'டங்' மட்டும் ஸ்பீக்கரில் போய் விழுகிறது; இழுப்பு போகவே இல்லை. வயலினில் வில் நாதத்தை விடாமல் தாங்கும். வீணையில் மீட்டிய கணத்திலிருந்தே நாதம் தேய ஆரம்பித்துவிடும். ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் முழுக்க அந்தத் தேய்வுக்குள்தான் இருக்கிறது. "வீணை கேட்கலை" என்று யாரோ குரல் கொடுக்க, வால்யூமை ஏற்றினார்கள். மேடையில் எங்களுக்குக் கேட்க வைத்த மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தம் குடத்தையே அதிரவைத்து, அதை மைக் திரும்ப வாங்கி, அரங்கம் முழுக்க ஊளை. உடனே இறக்கினார்கள். அப்புறம் மிருதங்கத்துக்கு ஈடுகொடுக்க ஓங்கி ஓங்கி மீட்டியதுதான் மிச்சம். கீழ்ஸ்தாயிக்கான மந்தரத் தந்தியில் வாசித்ததெல்லாம் எனக்கு மட்டும் கேட்டது.

வாத்தியத்தின் மேலேயே ஒட்டும் காண்டாக்ட் மைக் இருக்கிறதே என்பீர்கள். சரி, கொண்டுவருகிறோம். ஆனால் அதை மேல்பலகையில் ஒட்டினால் விரல் உரசுவதும் தந்தி மெட்டில் தட்டுவதும் சேர்ந்து பெரிதாகும். அதைப் பக்குவப்படுத்த மிக்சரில் இருப்பவருக்கு வீணை நாதம் பழகியிருக்க வேண்டும், கேட்டுப் பார்க்க நேரமும் வேண்டும். அந்த நேரத்தைத்தான் கேட்கிறேன்: கச்சேரிக்கு முன் 20 நிமிடம்.

வீணைக்குக் கூட்டம் வருவதில்லை என்று பகல் வேளையில் போடுகிறீர்கள். காதில் விழாத வாத்தியத்துக்கு யார் வருவார்கள்? சின்ன அரங்கத்தில் கல்யாண மண்டபத்துச் சத்தம் எதற்கு? மிருதங்கத்தைக் கொஞ்சம் இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீருமே! மெட்டில்லாத வீணை போன்ற கோட்டுவாத்தியத்தை வாசிக்கும் கலைஞர்களுக்கும் இதே வேதனைதான்.

வார்த்தை சூடாகியிருந்தால் பொறுத்தருளுங்கள். வரும் சீசனுக்கு அட்டவணை போடும்போது, வீணைக் கச்சேரிக்கு முன் 20 நிமிடம் விட்டுவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மைக்காரரோடு உட்கார்ந்து சரிபார்க்க எந்த வைணிகரும் தயங்க மாட்டார். நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வீணைக் கலைஞர்