மின்சார வாணலி பதினொன்று

டெட்ராய்ட் அருகில்,
டிசம்பர் 14, 2025

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறவிடாதே, அவர் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

"வேலை எப்படிப் போகிறது?" என்று கேட்டிருந்தாய். போயே போய்விட்டது, மங்கை.

ஏழைகளுக்குச் சமைக்கச் சொல்லித்தந்த எங்கள் அரசுத் திட்டத்துக்குச் செப்டம்பர் 30 கடைசி நாள். அதே மாதம்தான் நீ ஊட்டச்சத்து மாதத்துக்கு அங்கன்வாடி வாசலில் போட்ட முருங்கைக்கீரைக் கோலத்தை போட்டோ எடுத்து அனுப்பினாய். இங்கே நான் பொருட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மின்சார வாணலி பதினொன்று, பிளெண்டர் இரண்டு, பிளாஸ்டிக் கேரட், பிளாஸ்டிக் மீன், சர்க்கரை நிரப்பிய கண்ணாடிக் குப்பிகள் ஒரு பெட்டி. அரசுப் பணத்தில் வாங்கியவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஒப்படைக்க வேண்டும். பதினாறு வருஷ வேலை ஒரு எக்செல் தாளில் அடங்கிவிட்டது.

இங்கே ஏழைகளுக்கு அட்டையில் சாப்பாட்டுப் பணம் போடுகிற ஸ்நாப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், பழைய பெயர் ஃபுட் ஸ்டாம்ப். நாலு கோடிப் பேருக்கு மேல் வாங்குகிறார்கள். சராசரியாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் சொச்சம். அந்த அட்டையை வைத்து சூடான சமைத்த சாப்பாடு வாங்க முடியாது. பச்சைக் கோழி வாங்கலாம், கடையிலேயே சுட்டுச் சூடாக வைத்திருக்கும் கோழி கூடாது. ஆக, சமைக்கத் தெரிந்தவர்களுக்கே அந்தப் பணம் மாதக் கடைசி வரை ஓடும். அதைச் சொல்லித்தரத்தான் ஸ்நாப்-எட். பள்ளிகளில், இலவச உணவுக் கிடங்குகளில், முதியோர் மையங்களில் போய்ச் சமைத்துக் காட்டுவோம், லேபிள் படிக்கக் கற்றுத்தருவோம்.

நிறுத்திய விதத்தைக் கேள். ஜூலை 4ஆம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்ட அந்தப் பெரிய வரி, செலவுச் சட்டத்தில் எங்கள் திட்டத்தைப் பற்றித் திட்டி ஒரு வரிகூடக் கிடையாது. '2016 முதல் ஒவ்வொரு ஆண்டும்' என்று பணம் ஒதுக்கியிருந்த இடத்தை '2016 முதல் 2025 வரை' என்று திருத்தினார்கள். அவ்வளவுதான். வருஷத்துக்கு 53 கோடி டாலருக்கு மேல், ஐம்பது மாநிலங்களுக்கும் சேர்த்து. பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் ஸ்நாப்பின் மொத்தச் செலவு வருஷம் பத்தாயிரம் கோடி டாலரை ஒட்டி. நூறு டாலர் சாப்பாட்டுக்குப் போனால் அரை டாலர் சொல்லித்தரப் போனது.

இதில் எங்கள் பக்கத்துத் தப்பும் உண்டு. இது 1988இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஆரம்பித்தது. உள்ளூர்க்காரர்கள் பாதி போட்டால் மத்திய அரசு பாதி போடும். 2010இல் வந்த சட்டம் அந்தப் பாதிக்குப் பாதியை எடுத்துவிட்டு முழுக்க மத்திய அரசு மானியமாக்கியது. 'பாதிப் பணத்துக்கு அலையவேண்டாம்' என்று ஆபீஸில் கேக் வெட்டிக் கொண்டாடினோம். உள்ளூரில் யாரும் கைக்காசு போடாத திட்டத்துக்கு உள்ளூரில் யார் வந்து சண்டை போடுவார்கள்?

இன்னொன்று. 'இதனால் என்ன பலன்?' என்று இங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸில் கேட்டவர்கள் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. 2019இலேயே அரசின் தணிக்கை அமைப்பு, ஊட்டச்சத்துக் கல்வித் திட்டங்களின் பலனை அவற்றை நடத்தும் விவசாயத் துறை சரியாக அளக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. நாங்கள் அளந்த லட்சணம் எனக்குத் தெரியும். வகுப்புக்கு முன்னால் ஒரு படிவம், பின்னால் ஒரு படிவம். 'நேற்று எத்தனை முறை காய்கறி சாப்பிட்டீர்கள்?' என் முகத்தைப் பார்த்தபடியே இரண்டு என்று எழுதியதை அடித்து நாலு ஆக்கிய பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். என் மனம் நோகக்கூடாது என்று! அதை வைத்து எதை நிரூபிப்பது?

அதே பாட்டிதான் எனக்குக் கீரை சொல்லிக்கொடுத்தவர். எங்கள் குறிப்பில் காலர்ட் கீரைக்குப் பன்றிக்காலைத் தள்ளிவிட்டுப் புகையூட்டிய வான்கோழி போடச் சொல்லியிருக்கும், உப்பும் கொழுப்பும் குறையட்டும் என்று. நான் அப்படியே செய்து, கீரையை வடித்துத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அதுதான் பாட் லிக்கர், அதைக் கொட்டுகிறவள் எனக்குச் சத்து சொல்லித்தர வந்தாயா?" என்றார். ஒரு கப்பில் எடுத்துச் சோள ரொட்டியைத் தோய்த்து நீட்டினார். என் அப்பத்தா கீரை வெந்த தண்ணியில் பூண்டு தட்டிப் போட்டு ரசமாக வைப்பாளே, ருசி வேறு என்றாலும் அந்தச் சூடு அப்படியே அதேதான். அன்றிலிருந்து அவர் வாராவாரம் வந்தார். அவர் வந்ததால் தெருவில் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

நவம்பரில் ஒரு நாள் அந்தப் பாட்டி வந்த இலவச உணவுக் கிடங்குக்குச் சும்மா போனேன். அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி 43 நாள் மத்திய அரசு முடங்கிக் கிடந்ததே, அதில் நவம்பர் மாத அட்டைப் பணம் தள்ளிப்போய்விட்டது. வரிசை வாகன நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. குளிர் வேறு. கொடுத்த பையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாக்கெட் மஞ்சள் பட்டாணிப் பருப்பு. வெளியே வந்தவர்களில் பலர் அதைக் கதவருகே உள்ள 'வேண்டாதவை' மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். எண்ணினேன், முப்பத்தெட்டு பாக்கெட். முன்பென்றால் அந்த மேஜைக்குப் பக்கத்தில் என் வாணலி இருந்திருக்கும். வெங்காயம், சீரகம், டப்பாத் தக்காளி, அரை மணி நேரம். சின்னக் காகிதக் கப்பில் ஒரு வாய் கொடுத்தால் போதும், பாதிப் பேர் திரும்ப வந்து பாக்கெட்டை எடுத்துக்கொள்வார்கள். (ஒரு வாய்தான் கொடுக்கலாம். வயிறு நிறையக் கொடுத்தால் விதிமீறல். சிரிக்காதே.) அன்று கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

எல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 1969இலிருந்து நடக்கிற இன்னொரு ஊட்டச்சத்துக் கல்வித் திட்டம், எஃப்னெப் என்று, வேறு கணக்கில் பணம் வருவதால் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ரொம்பச் சின்னது. எங்கள் ஆட்களில் இரண்டு பேருக்கு அதில் இடம் கிடைத்தது. வயதைப் பார்த்து நான் கேட்கவே இல்லை.

உன் அம்மா ஞாபகம் அடிக்கடி வருகிறது. 1980இல் உலக வங்கிக் கடனில் ஆரம்பித்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் அவர் வேலை பார்த்தபோது நாம் சின்னப் பிள்ளைகள். மாசாமாசம் குழந்தைகளை எடை போட்டு, எடைக் கோடு கீழே இறங்குகிற குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை, மற்ற எல்லா அம்மாக்களுக்கும் பேச்சு. அதை 'ஊர் வம்பு பேசச் சம்பளம்' என்று உன் தாத்தா கேலி செய்வார். அந்தத் திட்டமும் ஒரு நாள் முடிந்தது, ஆனால் அம்மாவை அங்கன்வாடிகளை நடத்துகிற ஐ.சி.டி.எஸ்ஸில் சேர்த்துக்கொண்டார்கள். பெயர்ப் பலகை மாறியது, அதே வீடுகள், அதே நடை. எங்களுக்குப் போய்ச் சேர இடமில்லை. என்னோடு இருந்த ஒருத்தி இப்போது ஒரு கடையில் பில் போடுகிறாள். இன்னொருத்தி மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போய்விட்டாள்.

இவர் வழக்கம்போல, "ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தானே குறைச்சல்" என்கிறார். பிப்ரவரியில் ஊருக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வந்தால் உன் மையங்கள் நாலைந்தைப் பார்க்கவேண்டும், மேலதிகாரியிடம் கேட்டு வை. பிறகு, அம்மா எடை எழுதிய பழைய நோட்டு ஒன்று பரணில் கிடப்பதாகச் சொன்னாயே, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே. நான் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சாரதா