மோட்டார் ஹோம் பயணம்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலோரத்தில் நண்பர்களோடு மோட்டார் ஹோமில் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வாடகை வண்டி) சுற்றுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அலைச் சத்தத்தில் தூங்கலாம் என்று ஒரு வரி வருகிறதே, அதை நம்பி டிக்கெட் எடுக்கிறவர்கள் பிரிஸ்பேனில் இந்த வண்டிகளை ஒப்படைக்கும் எங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து நிற்பார்கள். அதனால் சில திருத்தங்கள்.

முதலில் அந்த வரி. நூசா மாதிரியான கடற்கரை ஊர்களில் தெருவோரத்திலோ கடற்கரை பார்க்கிங்கிலோ வண்டிக்குள் படுப்பது உள்ளாட்சி விதிப்படி தப்பு. விடியற்காலையில் கண்ணாடியைத் தட்டி அபராதச் சீட்டு கொடுப்பார்கள். இரவு தங்க இடம் இல்லாமல் இல்லை. இந்த வண்டிகளைக் கட்டணம் கொடுத்து நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்குகள் உண்டு. சில ஊர்களில் கண்காட்சித் திடல்கள் உண்டு. தேசியப் பூங்கா முகாம்களுக்கு முன்பதிவு செய்துவிட்டுத்தான் போகவேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் சிலவற்றில் பலகையில் போட்டிருக்கும் மணிக்கணக்குவரை நிற்கலாம். கேரவன் பார்க் கட்டணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: இணையத்தில் முதலில் தெரியும் தொகை பெரும்பாலும் இரண்டு பேருக்கானது. நாலு பேர் என்றால் மற்ற இருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கூடும். ஈஸ்டர், ஜூன் கடைசி முதல் ஜூலை பாதிவரையான பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் கடலைப் பார்த்த இடம் மாதக்கணக்கில் முன்பே போய்விடும்.

அடுத்தது, '6 பேர் படுக்கலாம்' என்ற விளம்பரம். படுக்கையை எண்ணாதீர்கள், சீட் பெல்ட்டை எண்ணுங்கள். படுக்கை ஆறும் பெல்ட் நாலும் உள்ள வண்டிகள் இருக்கின்றன. வண்டி நகரும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பின்கட்டிலில் கால் நீட்டுவதும், எழுந்துபோய் டீ போடுவதும் கூடாது. குயின்ஸ்லாந்தில் பெல்ட்டையும் கையில் இருக்கும் செல்போனையும் படம்பிடிக்கும் கேமராக்கள் உள்ளன. இரண்டுக்குமே அபராதம் ஆயிரம் டாலருக்கு மேல். இன்னொன்று, அந்த ஆறு படுக்கைகளில் குறைந்தது இரண்டு, சாப்பாட்டு மேசையை மடக்கிச் செய்வதாக இருக்கும். ஒருவருக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வந்தால் மற்ற ஐந்து பேருக்கும் உட்கார இடமில்லை. நாலு பேர் நண்பர்கள் என்றால் ஆறு படுக்கை வண்டி சரி. ஆறு பேர் என்றால் இரண்டு சிறிய வண்டி எடுப்பதே நட்புக்கு நல்லது. பெட்டி விஷயமும் அப்படித்தான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வைக்க வண்டியில் எங்கேயும் இடமில்லை, மடக்கி வைக்கக்கூடிய துணிப் பையாகக் கொண்டுவாருங்கள்.

உரிமம் பற்றிக் கட்டுரையில் இருந்த பயம் தேவையில்லை. 4.5 டன் மொத்த எடைவரை சாதாரண கார் உரிமம் போதும். வாடகை வண்டிகள் அதற்குள்தான் வரும். சுற்றுலாவாக வருகிறவர்கள் ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய உரிமத்தோடு ஓட்டலாம். அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது. யார் யார் ஓட்டுவார்கள் என்று ஒப்பந்தத்தில் எல்லாப் பெயரையும் எழுதிவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு நிற்காது.

இடிப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறோம், பெரும்பாலும் மூன்றே விதம்தான். ஒன்று, உயரம். பெரிய வண்டிகள் 3 மீட்டருக்கு மேல் இருக்கும். பல்பொருள் அங்காடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் தொங்கும் கம்பி 2.1, 2.2 மீட்டரில் இருக்கும். கார் ஓட்டிப் பழகிய கை அனிச்சையாக அங்கேதான் திருப்பும். கூரைச் சேதமும் அடிப்பாகச் சேதமும் பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்கு வெளியே. இரண்டு, மரம். சாலை ஓரமாகச் சரிந்திருப்பதால் நிறுத்தப்போகும் வண்டியின் மேல்விளிம்பு நடைபாதைப் பக்கம் சாய்ந்து கிளையில் உரசும். கீழே பார்த்தால் நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும். மூன்று, வால். ஏழு மீட்டர் வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு மீட்டர்வரை தொங்கிக்கொண்டிருக்கும். பெட்ரோல் பங்க்கில் டீசல் போட்டுவிட்டு வலதுபக்கம் ஒடித்துத் திருப்பினால் அந்த வால் இடதுபக்கம் வீசி, பம்ப்பைக் காக்க நட்டிருக்கும் இரும்புத் தூணில் போய் மோதும். ஓட்டுநர் வலது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். பம்ப்பைத் தாண்டி நேராகக் கொஞ்சம் வந்தபிறகு மெதுவாக வளைக்க வேண்டும். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கியே ஆகவேண்டும், அவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்தால் உடனே பிரேக்.

இனி வண்டிக்குள் இருக்கும் 'வீடு'. கேரவன் பார்க்கில் கரண்ட் உள்ள இடத்தில் 15 ஆம்பியர் சாக்கெட் இருக்கும். வண்டியோடு தரும் கேபிளின் பிளக்கில் எர்த் பின் அகலமானது. வீடுகளில் உள்ள 10 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. நண்பர் வீட்டு வாசலில் நிறுத்திப் பின்னை அரத்தால் ராவி நுழைக்கிற வேலை வேண்டாம், ஒயர் சூடாகி எரியும். 15 ஆம்பியர் என்றால் 240 வோல்ட்டில் 3,600 வாட். கெட்டில் ஒன்றே 2,400 வாட் இழுக்கும். கூரை ஏ.சி. ஓடும்போது கெட்டிலையும் போட்டால் பிரேக்கர் விழும், பழுது என்று எங்களுக்குப் போன் வரும். இருட்டிய பிறகு வரும் போன்களில் பெரும்பகுதி இதுதான். ஏ.சி.யை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு வெந்நீர் வையுங்கள். கேபிள் செருகாத இடத்தில் ஏ.சி., மைக்ரோவேவ், சுவர் சாக்கெட் எதுவும் வேலை செய்யாது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் மட்டும் பேட்டரியிலோ கேஸிலோ ஓடும். ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்சி இங்கே ஓடும், வோல்டேஜும் 50 ஹெர்ட்ஸும் ஒத்துப்போகும்; பிளக் மாற்றி மட்டும் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி பெரிய வண்டியில் சுமார் 100 லிட்டர். ஷவர் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று வைத்து நாலு பேர் ஆளுக்கு நாலு நிமிடம் குளித்தால் 80 லிட்டர் போயிற்று. அந்த 80 லிட்டரும் அடியில் இருக்கும் கழிவுத் தொட்டியில் ஏறும். அது நிறைந்தால் ஷவர் தரையில் தண்ணீர் மேலே வரும். பார்க்கில் குளியலறை இருக்கும்போது வண்டிக்குள் குளிப்பது வீண். நல்ல தண்ணீர் பிடிக்கும் குழாயும் கழிவு விடும் குழாயும் ஒன்றோடொன்று சேரக்கூடாது, ஒரே பெட்டியில் சுருட்டி வைப்பதும் கூடாது.

கழிப்பறை பற்றிக் கட்டுரை நாசூக்காக ஒதுங்கிக்கொண்டது. நாங்கள் ஒதுங்க முடியாது. வண்டியில் இருப்பது கேசட் கழிப்பறை; அடியில் சுமார் 18 லிட்டர் பெட்டி. காகிதம் மட்டும் பயன்படுத்துகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் என்றாலும் நாலு பேருக்குப் பெட்டி ஒரே நாளில் நிறைந்துவிடும், மிஞ்சினால் ஒன்றரை நாள். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு 'இன்னும் ஒரு தடவை' என்று போகாதீர்கள். பகலில் பார்க்கிலும் கடற்கரையிலும் உள்ள பொதுக் கழிப்பறைகளைப் பயன்படுத்துங்கள், அவை சுத்தமாகவே இருக்கும். வண்டிக் கழிப்பறை இரவுக்கு மட்டும்.

கொட்டுவது பத்து நிமிட வேலை. முதலில் உள்ளே இருக்கும் தகட்டு மூடியை முழுக்க மூடுங்கள். அது திறந்திருந்தால் பெட்டி வெளியே வராது. வராததை இழுத்து உடைத்தவர்கள் உண்டு. பிறகு வெளிக்கதவைத் திறந்து, பிடிப்பைத் தூக்கிப் பெட்டியை உருவி, 'டம்ப் பாயிண்ட்' என்று பலகை வைத்த இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். கழிவுநீர் மூடியிலோ பொதுக் கழிப்பறையிலோ ஊற்றக்கூடாது. மூக்குக்குழாயை வெளியே திருப்பி, மூடியைக் கழற்றி, அதைக் கீழ்நோக்கிச் சாய்த்த பிறகுதான் பின்னால் இருக்கும் காற்றுப் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டி நிமிர்ந்திருக்கும்போது அழுத்தினால் உள்ளே சேர்ந்த காற்றின் அழுத்தத்தில் முகத்தில் தெறிக்கும். அழுத்தாமலே ஊற்றினால் குபுக் குபுக்கென்று விட்டுவிட்டு விழுந்து காலில் தெறிக்கும். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, 2 லிட்டர் தண்ணீரும் ஒரு முறைக்கான ரசாயனமும் விட்டு மூடுங்கள். இந்த வேலை யாருக்கு என்று முதல் நாளே சுழற்சி போட்டுவிடுவது நல்லது. ஒருவர் தலையிலேயே இது விழுந்தால் மூன்றாம் நாள் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

சமையல். கேஸ் அடுப்பு நன்றாகவே எரியும். ஆனால் கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும், மெத்தை உறையில் ஏறிய வாசனைக்குத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம் போடுவார்கள். சோறும் ரசமும் உள்ளே வையுங்கள். தாளிப்பதையும் வறுப்பதையும் கேரவன் பார்க்கின் பொது அடுக்களையில் வைத்துக்கொள்ளுங்கள். மீனோ கத்தரிக்காயோ சுட வேண்டுமென்றால் இந்தக் கடலோரப் பூங்காக்களில் இலவச மின் தட்டு அடுப்புகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் சூடாகும், முடிந்ததும் துடைத்துவிட்டு வரவேண்டும். எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் வழித்துவிட்டுக் கழுவுங்கள். குழம்பு மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் கழிவுத் தொட்டிக்குள் போய்ப் புளித்து, இரண்டாம் நாள் வெயிலில் வண்டியே நாறும். கேஸ் சிலிண்டரை ஓட்டும்போதும் டீசல் போடும்போதும் மூடியிருக்க வேண்டும். மசாலா, ஊறுகாய், முறுக்கு எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் 'உணவு இருக்கிறது' என்று குறித்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுவராதீர்கள்.

பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ்வரை ஒரே வாரத்தில் போகலாம் என்ற கட்டுரையின் திட்டம் எங்களுக்கு ஒப்பவில்லை. அது சுமார் 1,700 கி.மீ. காரில் 110-ல் போகும் இடத்தில் இந்த வண்டி 90-ல்தான் நிதானமாகப் போகும். லாரி கடந்தால் காற்று தள்ளும். இருட்டினால் கங்காரு குறுக்கே வரும், பல ஒப்பந்தங்கள் ஊருக்கு வெளியே இரவு ஓட்டத்தைத் தடுக்கின்றன. ஆக ஓட்டக் கிடைப்பது பகல் மட்டும்தான். ஏழு நாள் இருந்தால் அக்னஸ் வாட்டர்வரை, ஒருவழி சுமார் 500 கி.மீ., போதும். கலவுண்ட்ரா, முலுலாபா, நூசா என்று சன்ஷைன் கோஸ்ட் கடற்கரைகள். ரெயின்போ பீச்சில் கார்லோ மணல்மேடு. ஹெர்வி பேயில் 868 மீட்டர் நீள உராங்கன் மரப்பாலம். ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை போனால் ஹெர்வி பேயில் குட்டிகளோடு தங்கிப்போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். பண்டபெர்க் அருகே மோன் ரெப்போவில் நவம்பர் முதல் மார்ச்வரை கடலாமைகள், அதற்கு முன்பதிவு வேண்டும். கட்டுரை 'ஃபிரேசர் தீவு' என்று எழுதியதன் பெயர் 2023 முதல் அதிகாரபூர்வமாக 'கரி'. அங்கே மணல் பாதைதான். நாலு சக்கரங்களுக்கும் விசை போகும் 'ஃபோர் வீல் டிரைவ்' வண்டிதான் போகும். மோட்டார் ஹோமைக் கரையிலேயே விட்டுவிட்டுச் சுற்றுலாப் பேருந்தில் போங்கள். கடற்கரை மணலில் மட்டுமல்ல, மழை பெய்த புல்தரையில் ஏற்றினாலும் இந்த எடை புதையும்.

கடலில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். அக்னஸ் வாட்டருக்கு வடக்கே நவம்பர் முதல் மே வரை விஷ ஜெல்லி மீன்கள்; கிளாட்ஸ்டன் அருகே பாய்ன் ஆற்றிலிருந்து வடக்கே முகத்துவாரங்களில் உப்புநீர் முதலைகள். எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

ஒவ்வொரு காலையும் கிளம்பும்முன் ஒருவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும், எப்போதும் அதே ஆள். கேபிள் கழற்றியாயிற்றா, தண்ணீர்க் குழாய் சுருட்டியாயிற்றா, படிக்கட்டு உள்ளே போயிற்றா, பக்கவாட்டு நிழல்துணி சுருட்டியாயிற்றா, கூரை ஜன்னல் மூடியதா, கேஸ் மூடியதா. உள்ளே இன்னொருவர் அலமாரித் தாழ்களையும் ஃபிரிட்ஜ் பூட்டையும் பார்க்கட்டும். முதல் ரவுண்டானாவில் திறந்துகொள்வது எப்போதும் தயிர் டப்பா இருக்கும் ஃபிரிட்ஜ்தான். நிழல்துணியை இரவில் விரித்தே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள், கடற்காற்று ஒரு வீச்சில் கம்பியை முறுக்கிவிடும்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் கழிவுத் தொட்டியும் கேசட்டும் காலி, டீசல் நிறைவு. பிரிஸ்பேன் சுங்கச்சாலைகளில் பணம் வாங்கும் சாவடி கிடையாது, கேமராதான் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளும்; 3 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிட்டால் வாடகை நிறுவனத்தின் கூடுதல் நிர்வாகக் கட்டணம் வராது. எடுக்கும் அன்றே கூரை விளிம்பு, பின் பம்பர், சக்கரங்கள், முன்கண்ணாடி ஆகியவற்றைச் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தால் முன்பணத்தைத் திரும்ப வாங்குவதில் தகராறு இருக்காது.

இப்படிக்கு,
மோட்டார் ஹோம் ஒப்படைப்புப் பணியில் உள்ள தமிழர்கள்,
பிரிஸ்பேன்.