பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தாயார் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மகனை ஸ்கவுட்டில் சேர்த்ததும் சட்டை, கால்சட்டை, தொப்பி, ஸ்கார்ஃப், பெல்ட், விசில், பேட்ஜ் என்று ஒரு பட்டியல் வந்ததாம். கடன் வாங்காத குறையாக எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையன் அதைப் போட்டுக்கொண்டு போனது வருடத்துக்கு நாலு தடவை, நாலும் விழாவுக்கு வந்த விருந்தினரை வாசலில் நின்று வரவேற்கத்தான் என்றும், இதற்குப் பெயர்தான் சாரணர் இயக்கமா என்றும் கேட்டிருந்தார். 28 வருடம் சாரண ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சொன்னதில் பாதித் தப்பை நானே செய்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சாமான் விவகாரம். ஸ்கார்ஃப் என்பது முக்கோணமாக வெட்டிய சாதாரணத் துணி. கை ஒடிந்தால் கழுத்திலிருந்து தொட்டில் மாதிரி கட்டலாம், தலையில் அடிபட்டால் கட்டுப் போடலாம், கணுக்கால் பிசகினால் இறுக்கலாம், அவசரத்துக்கு வடிகட்டியாகக்கூட ஆகும். போன மாதம் ஒரு கடையில் பார்த்தேன், ஏற்கெனவே மடித்துத் தைத்து, பின்பக்கம் எலாஸ்டிக் வைத்து விற்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரிக்க முடியாது! பிரிக்க முடியாத ஸ்கார்ஃபை வைத்துக்கொண்டு கை ஒடிந்த பையனுக்கு என்ன செய்வது? கயிறும் அப்படித்தான். கடையில் கிடைக்கும் நைலான் கயிறு பளபளவென்று இருக்கும், ஆனால் புதிதாகக் கற்பவன் கையில் முடிச்சு வழுக்கிக்கொண்டே போகும். கிளோவ் ஹிட்ச், போலைன் மாதிரி முடிச்செல்லாம் பழகப் பருத்திக் கயிறு, மூங்கிலை வைத்துக் கட்டி கேட்ஜெட் என்ற பாசறைச் சாமான்கள் செய்யச் சணல் கயிறு, இவ்வளவு போதும். சாரணர் கையில் வைத்திருக்கும் கோலுக்கு நாங்கள் மூங்கில் மண்டியில் ஐந்தரை அடிக் கழி வாங்கி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடியும் அங்குலமும் சுட்டுக்கொள்வோம். அந்தக் கழியை ஓடையில் விட்டு ஆழம் பார்க்கலாம். இரண்டு கழியை இரண்டு சட்டைக் கைகளுக்குள் நுழைத்துப் பொத்தான் போட்டால் ஸ்ட்ரெச்சர். இதில் எதுவுமே காசு கேட்கிற விஷயம் இல்லை.

இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் இருக்கும் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களை வைத்து முதல் பாசறையை நடத்தினார். ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களும் வந்தார்கள், பூல், போர்ன்மவுத் பக்கத்து உழைக்கும் வீட்டுப் பையன்களும் வந்தார்கள். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. பணக்காரப் பள்ளிப் பையனுக்கு ஒரு பவுண்டு, மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அணிகள் நான்கு. எந்த அணி என்று தெரிய எல்லோர் தோளிலும் கம்பளி நூல் முடிச்சு ஒன்று தொங்கும்: ஓநாய்க்கு நீலம், காளைக்குப் பச்சை, அண்டங்காக்கைக்குச் சிவப்பு, கர்லூ என்ற கரைப்பறவைக்கு மஞ்சள். யார் வீட்டில் எவ்வளவு பணம் என்று அந்த நூலைப் பார்த்துச் சொல்ல முடியாது. சீருடை என்று ஒன்று வந்ததே அதற்குத்தான். நாம் அதையே ஏழைப் பெற்றோரின் கழுத்தில் மாட்டிவிட்டோம்.

அந்த நான்கு அணியையும் நடத்தியது பெரியவர்கள் இல்லை, அணிக்கு ஒரு பையன். இந்த யோசனையின் வேர் அதற்கும் முன்னால், 1899-1900-ல் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் ஊர் 217 நாள் முற்றுகையில் கிடந்த காலத்தில் இருக்கிறது. ஆள் பற்றாமல் அங்கே சிறுவர் படை ஒன்றை அமைத்தார்கள், தலைவன் வார்னர் குட்இயர் என்ற 13 வயதுப் பையன். தபாலும் செய்தியும் கொண்டு போனார்கள், முதலில் கழுதைமேல், அப்புறம் சைக்கிளில். யுத்தத்துக்குச் சின்னப் பையன்களை இழுத்தது சரியா என்றால் எனக்குச் சம்மதமில்லை, அது வேறு பேச்சு. ஆனால் பொறுப்பை நிஜமாகவே கொடுத்தால் பையன் தாங்குவான் என்பதைப் பேடன் பவல் அங்கே கண்ணால் பார்த்தார்.

நான் தாங்கினேனா என்று கேட்டால், முதல் தடவை தாங்கவில்லை.

1977-ல் எனக்கு 13 வயது, புலி அணிக்கு பி.எல்., அதாவது பேட்ரல் லீடர், அணித் தலைவன். ஒவ்வொரு அணிக்கும் ஒரு தகரப் பெட்டி உண்டு: இரண்டு குண்டான், கரண்டி, கயிறு, கைக்கோடாலி, அரிக்கேன் விளக்கு, முதலுதவிச் சாமான். பூட்டின் சாவி பி.எல். கழுத்தில் விசில் கயிற்றோடு தொங்கும். சிறுமலை அடிவாரத்தில் பாசறை. சாயங்காலம் பிடித்த மழை ராத்திரி ஒன்பதரைக்குத்தான் விட்டது. பெட்டியைத் திறந்தால் தீப்பெட்டி ஊறிப்போய்க் கிடக்கிறது. தீக்குச்சியை மெழுகில் தோய்த்து எடுத்துவைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், நான் செய்யவில்லை. ஏழு பேரும் பசியோடு என்னையே பார்க்கிறார்கள். ஐம்பது அடி தள்ளி எங்கள் சாரண ஆசிரியர் கூடாரத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார் (அந்தக் காலம் அப்படி). அவரிடம் தீப்பெட்டி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர் எழுந்து வரவில்லை. கடைசியில் பக்கத்து மான் அணியிடம் போய்க் கெஞ்சி, கொட்டாங்கச்சியில் கங்கு வாங்கிவந்து, ஊதி ஊதி அடுப்பு மூட்டி, பதினொன்றரை மணிக்குக் குழைந்த சோறும் ரசமும் சாப்பிட்டோம். மறுநாள் காலை ஆய்வுக்கு வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பெட்டியில என்னடா குறை?”

“தீக்குச்சியை மெழுகுல தோய்க்கல சார்.”

“சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த அணிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்படிப்பட்டவரிடம் பயின்ற நானே பிற்பாடு என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பாசறையில் கைக்கோடாலி ஒன்று தொலைந்தது. இருப்புப் பதிவேட்டில் கணக்கு இடித்தது, தலைமையாசிரியர் எழுதிக் கேட்டார். அன்றைக்கே நான்கு பெட்டிச் சாவியையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு ஒரு பொருள்கூடத் தொலையவில்லை. எலி கயிற்றைத் தின்றது, கூடாரம் மடிப்பிலேயே இற்றுப்போனது, கணக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது. சாவி பீரோவுக்குப் போன அன்றே பி.எல். என்பது சட்டையில் குத்துகிற பட்டையாகிவிட்டது என்பது எனக்குப் புரிய ஐந்தாறு வருடம் ஆயிற்று.

மரபு விஷயத்திலும் இதே கதைதான். சாரணர் இடது கையால் கைகுலுக்குவார்கள். நம்மூரில் இடது கையை நீட்டினால் பாட்டி தட்டிவிடுவாள், புதுப் பையன்கள் முதல் நாள் கையை நீட்டவே கூசுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி வீரர்கள் இடது கையில் கேடயம் பிடிப்பார்கள், அந்தக் கையைக் கொடுக்க வேண்டுமென்றால் கேடயத்தைக் கீழே வைத்தாக வேண்டும், ‘உன்னை நம்புகிறேன்’ என்று அர்த்தம் என்று வழிவழியாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையைச் சொன்னதும் பையன் முகத்தில் வருகிற மாற்றத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்கார்ஃப் நுனியில் ஒரு சின்ன முடிச்சு, அன்றைய நற்செயலைச் செய்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்பதும் அப்படி ஒரு வழக்கம். காரணம் தெரிந்து செய்கிற பையன் சொல்லாமலே செய்வான். ஆனால் இந்தியில் இருக்கும் இறைவணக்கத்தைத் தொண்டை கிழியப் பாடவைக்கும் நம்மில் எத்தனை பேர் அதன் பொருளைத் தமிழில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? புதுப் பையன்தான் எல்லோர் தட்டையும் கழுவ வேண்டும் என்று ஒரு ‘மரபு’ எங்கள் படையிலேயே இருந்தது. எங்கிருந்து வந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதை நிறுத்தியது நானில்லை, பையன்கள்தான். அதைச் சொல்கிறேன்.

கோர்ட் ஆஃப் ஹானர் என்று ஒன்று உண்டு. நான்கு பி.எல்.களும் உட்கார்ந்து படையின் காரியங்களை முடிவு செய்கிற கூட்டம். சாரண ஆசிரியருக்கு அங்கே ஆலோசனை சொல்ல மட்டும்தான் இடம். பெரும்பாலான பள்ளிகளில் இது நோட்டில் மட்டும் நடக்கிறது, நானும் நோட்டில் மட்டும் நடத்தியவன்தான். ஒரு வருடம் துணிந்து நிஜமாகவே நடத்தினேன். தட்டு கழுவும் வழக்கத்தை முதல் கூட்டத்திலேயே தூக்கினார்கள். இரண்டாவது கூட்டத்தில் பாசறைக் கட்டணம் கட்ட முடியாதவன் அரிசியோ விறகோ கொண்டுவந்தால் போதும், அதை பி.எல். மட்டும் தெரிந்துகொண்டால் போதும், சாருக்குக்கூடச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பிரவுன்சீ கட்டணக் கதையை நான் அவர்களுக்குச் சொன்னதே இல்லை.

யாரை பி.எல். ஆக்குவது என்பதிலும் நாம் சறுக்குகிறோம். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவனைக் கூப்பிட்டுப் பட்டையைக் குத்திவிடுகிறோம். எனக்குக் கிடைத்ததிலேயே சிறந்த பி.எல். காலாண்டில் இரண்டு பாடம் ஃபெயிலானவன். அப்பாவின் டீக்கடையில் காலை நாலரைக்கு அடுப்பு மூட்டிவிட்டுப் பள்ளிக்கு வருவான். எட்டுப் பேருக்கு எவ்வளவு ரவை வேண்டும் என்று கையால் அள்ளிச் சொல்லுவான், யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான். பையன்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். நானாக இருந்தால் அவனை வைத்திருக்க மாட்டேன்.

விருந்தினர் வரவேற்புக்கு வருகிறேன். பழனி தைப்பூசத்தில் தண்ணீர் கொடுப்பது, தொலைந்த குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கி மேடைக்கு ஓடுவது, இதெல்லாம் சேவை, நாங்களும் செய்திருக்கிறோம். பன்னிரண்டு மணி வெயிலில் இரண்டு வரிசையாக நிறுத்தி, இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறவருக்கு சல்யூட் அடிக்க வைப்பது சேவை இல்லை. நம் ஊரில் இந்த இயக்கம் கைகட்டி நின்று வந்ததும் இல்லை. வெள்ளையர் அமைப்பில் இந்தியப் பையன்களைச் சேர்க்காத காலத்தில், 1916-ல், அன்னி பெசன்ட் அம்மையாரும் அவருடைய சகா ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் நமக்கென்று தனியாகச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். 1921-ல் பேடன் பவலே இங்கே வந்த பிறகுதான் அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. இப்போதிருக்கும் பாரத சாரணர் அமைப்பு 1950 நவம்பர் 7-ல் பிறந்தது. அதன் வைர விழாப் பெருந்திரளணி (ஜம்போரி என்ற பெரிய பாசறை) 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட்டில் நடந்தபோது ஒரு நாள் போய்ச் சுற்றிவந்தேன். மேடை, கலைநிகழ்ச்சி எல்லாம் பிரமாதம். எனக்கு நினைவில் நிற்பது வேறு: பாஷை தெரியாத ஏதோ ஒரு மாநிலத்துப் பையன், பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும், தன் அணியில் ஒவ்வொருத்தன் தண்ணீர் பாட்டிலையும் குலுக்கிப் பார்த்து நிரப்ப அனுப்பிவிட்டு, கடைசியில் தன்னுடையதை எடுத்தான். பக்கத்தில் எந்த சாரும் இல்லை.

அந்தத் தாயாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, இனி பட்டியல் வந்தால் உடனே கடைக்குப் போகாதீர்கள். உங்கள் மகனிடம் முதலில் கேளுங்கள்: உன் அணியின் பெயர் என்ன, பி.எல். யார், அவனை யார் தேர்ந்தெடுத்தது, பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? பதில் சொல்ல முடியாமல் முழித்தால் தப்பு அவன்மேல் இல்லை. இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே போய்க் கேளுங்கள்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, போன ஜூன் மாதம் என் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் சாரண ஆசிரியர் இளைஞர், ஆர்வமானவர். பீரோவைத் திறந்து நான்கு சாவியையும் மேசைமேல் வைத்தார், இரண்டில் துரு. பையன்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். “ஏதாவது காணாமல் போனா நான்தானே சார் கட்டணும்?” என்றார். நியாயமான பயம், எனக்கும் இருந்த பயம். முதல் வருடம் என்ன தொலைந்தாலும் பணம் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதுவரை ஒரு கரண்டியும், ஒரு அரிக்கேன் விளக்குக் கண்ணாடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்,
திண்டுக்கல்.